ஜிப்பா போட்ட வெல்டர்

புத்ராஜெயா
3.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வாட்ஸ்அப்பில் என்னைத் தடுத்துவிட்டீர்கள். தபால்காரரைத் தடுக்க முடியாது என்பதால் இந்தக் கடிதம்.

சான்றிதழ் இல்லாதவர் ஃபோர்மேன் ஆக முடியாது என்று சொன்னவர் உங்கள் முதலாளி. எந்த வேலைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று வகுக்கும் அலுவலகத்தில் நான் இருப்பதால் கோபம் என்மேல். இருக்கட்டும். இங்கே இன்னொரு வழியும் இருக்கிறது. வேலையிலேயே தொழில் கற்றவர்கள் அதற்கான ஆதாரங்களைக் கோப்பாகக் கொடுத்தால் மூன்றாம் நிலைச் சான்றிதழ் கிடைக்கும்; ஃபோர்மேனுக்கு அது போதும். வகுப்பும் இல்லை, பரீட்சையும் இல்லை. படிவத்தை இணைத்திருக்கிறேன். நான் தங்கை என்பதால் உங்கள் கோப்பைத் தொடக்கூடாது. ஆகஸ்டில் பழைய ஃபோர்மேன் ஓய்வு பெறுகிறார், மறக்காதீர்கள்.

தங்கை
தினேஸ்வரி

குனோங் ராபாட்
20.3.2025

தங்கச்சிக்கு,

இருபத்திரண்டு வருடமாகப் பாமாயில் ஆலைகளுக்கு இரும்பை ஒட்டித் தொட்டி செய்கிறேன். ஆயர் தாவாரிலிருந்து தெலுக் இந்தான் வரை என் தொட்டி ஒன்றுகூட ஒழுகியதில்லை. அதை ஒரு காகிதம் வந்து சொல்ல வேண்டுமா?

உன் அண்ணி சரளாதான், "கோவத்த அப்புறம் காட்டுங்க, மொதல்ல பாரத்த நெரப்புங்க லா" என்று பேனாவைக் கையில் திணித்தாள். அவளுக்காக அனுப்புகிறேன்.

கனகராஜ்

குனோங் ராபாட்
2.5.2025

தங்கச்சி,

கோப்பு திரும்பி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலை ஆலையாகப் போய் இருபத்து நான்கு படம் எடுத்திருந்தேன். தீபாவளிக்குத் தைத்த நீல ஜிப்பா, நெற்றியில் விபூதி, ஒவ்வொரு தொட்டிக்கும் பக்கத்தில் நிமிர்ந்து நின்றேன். அரசாங்கத்துக்குப் போகிற படம் இல்லையா?

மதிப்பீட்டாளர் போனில் கேட்கிறார்: "அண்ணே, நீங்க தொட்டி செய்ய வந்தீங்களா, வாங்க வந்தீங்களா?"

மானம் போயிற்று. இனி என்னால் ஆகாது.

கனகராஜ்

புத்ராஜெயா
9.5.2025

அன்புள்ள அண்ணே,

முதலில் சிரித்தேன். பிறகு அழுதேன்.

என் பட்டமளிப்பு நாளன்று நீங்கள் பட்டறையிலிருந்து நேராக ஓடிவந்தீர்கள். "படம் எடுக்கணும், கையக் கழுவிட்டு வாங்கண்ணே" என்றேன். எத்தனை தேய்த்தும் கரி போகவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றீர்கள். அந்தப் படம் இன்னும் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. இந்த ஜிப்பா என்னால் வந்தது அண்ணே. என்னை மன்னியுங்கள்.

எல்லோருக்கும் சொல்வதையே உங்களுக்கும் சொல்கிறேன். முகமூடி, கையுறை, தீப்பொறி, கரி, எல்லாமே படத்தில் இருக்க வேண்டும். கழுவாமல் நில்லுங்கள்.

தினேஸ்வரி

குனோங் ராபாட்
20.8.2025

என் அன்புத் தங்கச்சி தினேஸ்வரிக்கு,

கிடைத்துவிட்டது! மூன்றாம் நிலை! மதிப்பீட்டாளர் பட்டறைக்கே வந்து, நான் வேலை செய்வதை ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். ஒட்டிய இடத்தை விரலால் தடவிவிட்டு, "இத்தன நாளா எங்கண்ணே இருந்தீங்க?" என்றார். இங்கேதான் இருந்தேன் என்றேன்.

திங்கட்கிழமையிலிருந்து நான்தான் ஃபோர்மேன். முதலாளியே கைகொடுத்தார். இப்போது பட்டறையில் ஐந்து பேர் படிவம் கேட்கிறார்கள். படம் எப்படி எடுப்பது என்று நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். நேற்று அவர்களில் சன்னாசி, விருந்துக்குப் போடும் பாத்தேக் சட்டையில் பளபளவென்று வந்தான். விரட்டிவிட்டேன்.

உன் அலுவலகத்திலிருந்தும் கடிதம் வந்தது. வெல்டருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதும் குழுவில் என்னையும் உட்காரச் சொல்கிறார்கள். அடுத்த மாதம் சரளாவோடு வருகிறேன். வாட்ஸ்அப்பிலும் உன்னைத் திறந்துவிட்டேன்.

உன் வீட்டுச் சுவரில் இருக்கும் படத்தைக் கழற்றி வை. புதிதாக ஒன்று எடுப்போம். உனக்காக ஜிப்பா போட்டுக்கொள்கிறேன். கையை மட்டும் முன்னால் வைத்துக்கொள்வேன்.

உன் அண்ணன்
கனகராஜ், ஃபோர்மேன்