லண்டன் மூடுபனியில் உன் மகளின் கை

மேலுலகத்திலும் ஓட்ட ஒரு லாரி தேடிக்கொண்டிருக்கும் என் அருமை மச்சானுக்கு,

ஈப்போவிலிருந்து உன் மனைவியின் தம்பி எழுதுகிறேன். உயிரோடு திரும்பிவிட்டேன்! உன் மகள் தேவிகா கேப்டனாக ஓட்டிய விமானத்தில் லண்டன் போய் வந்தேன்.

சிலிம் ரிவர் தோட்டத்தில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லாரி ஓட்டிய காலத்தில், மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் ஸ்டியரிங்கை விட்டுக் கையெடுக்காதவன் நீ. நோயில் படுத்திருந்தபோதும் அவளிடம் அதைத்தானே கேட்டாய்? "பிளேன மெசினே எறக்குதுன்னா, ஒன் கை எங்கம்மா இருக்கும்?" அவள் பதில் சொல்வதற்குள் கண்ணயர்ந்தாய். பிறகு எழவே இல்லை. அந்தக் கேள்வி என் தலையில் விழுந்தது.

லண்டனை நெருங்கினால் மூடுபனி. உலகத்து ரப்பர் ஷீட்டுக்கெல்லாம் ஒரே கொட்டகையில் புகை போட்டதுபோல, இறக்கையையே காணோம். ஒலிபெருக்கியில் தேவிகா, விமானம் தானாகவே தரையிறங்கும் என்றாள். என் இதயம் எழுந்துபோய்க் கழிவறை வரிசையில் நின்றது.

புது வண்டிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்போமே, விமானத்துக்கு யார் விடுவார்கள்? என் செருப்புக்கடியில் வைத்திருந்தேன். சக்கரம் தரை தொடும்போது மிதிப்பதாகத் திட்டம். பயத்தில் மேகத்திலேயே நசுக்கிவிட்டேன்.

"என்ன அங்கிள், ஒரே எலுமிச்ச வாசமா இருக்கு?" என்றாள் பக்கத்து இருக்கைப் பெண்.

"ஏர் பிரெஷ்னர்லா" என்றேன்.

ஒரு தட்டு. அவ்வளவுதான். இறங்கிவிட்டோம்!

பிறகு தேத்தண்ணீர் குடிக்கையில் தேவிகா விளக்கினாள். "ஓடுபாதையிலேருந்து ரெண்டு ரேடியோ அலை வரும் மாமா. ஒன்னு இடம் வலம் காட்டும், இன்னொன்னு எறங்குற சரிவக் காட்டும். அதப் புடிச்சுக்கிட்டே பிளேன் எறங்கும். கடைசியில, வயித்துக்கடியிலேருந்து போற அலை தரையில பட்டுத் திரும்பி, இன்னும் எவ்ளோ ஒசரம்னு சொல்லும். அத வச்சு மெசின் மூக்கத் தூக்கி எறக்கிரும்."

"மெசினுக்குப் பைத்தியம் புடிச்சா?"

"ஒரே கணக்க மூனு மெசின் போடும். ஒன்னு ஒளறினா மத்த ரெண்டும் ஒதுக்கிரும்."

நம் குடும்பக் கூட்டத்தில் இந்த ஒழுங்கை என்றைக்காவது கண்டோமா, மச்சான்?

அப்புறம் உன் கேள்வியைக் கேட்டேன். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"கைய எடுக்கவே மாட்டேன் மாமா. ஒன்னு ஓட்டுற பிடியில, ஒன்னு இஞ்சின் பிடியில. கொஞ்சம் சரியில்லன்னாலும் நானே மேல தூக்கிருவேன். அப்பா மாதிரிதான்லா."

கேட்டதா உனக்கு?

அடுத்த பயணத்துக்கு எலுமிச்சம்பழம் கொண்டுபோக மாட்டேன், சத்தியம். உன் படத்துக்கு முன்னால் முழுசாக வைத்துவிட்டுப் போகிறேன். இனி நீயும் ஸ்டியரிங்கை விடலாம், மச்சான்.

உன் தேவிகாவின் தாய்மாமன்,
காலில் இன்னும் எலுமிச்சை மணக்கிறவன்