போர்ட்டிக்சனுக்குப் போன துவாலை

அன்பு மகள் லோகேஸ்வரிக்கு அப்பா எழுதுவது. முனீஸ்வரர் புண்ணியத்தில் இங்கே நான் நடமாட்டத்தோடு இருக்கிறேன், அந்த ஆக்லாந்துக் குளிரில் நீயும் நெஞ்சுச் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசினால் போதுமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். எப்படி இருக்கீங்கப்பா என்று நீ கேட்டதும் என் வாய் தானாக நல்லா இருக்கேன்மா என்று சொல்லிவிடுகிறது. சொன்ன பிறகு அதை மாற்றிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதனால் எழுத உட்கார்ந்தேன். தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டிவிட்டு வெளியே போ, சோறு ஒரு வேளையாவது சாப்பிடு.

நீ அனுப்பிய பார்சல் போன வியாழக்கிழமை வந்தது. தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி மோகனா மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என்ன பெரியப்பா இவ்ளோ கனமா இருக்கு, போர்வையா என்று கேட்டாள். நானும் போர்வை என்றுதான் நினைத்தேன். பிரித்தால் துவாலை, என் உயரத்துக்கும் மேலே இருக்கிறது. நீ வரைந்த வாட்டர் கலர் படத்தை அங்கே ஒரு கடைக்காரர் கடற்கரைத் துவாலையில் அச்சடித்து விற்கிறார், முதல் துவாலை அப்பாவுக்கு என்று சீட்டு வைத்திருந்தாய். கட்டிலில் விரித்துப் போட்டுப் பார்த்தேன். நீல மலை, அதன்மேல் மூட்டம், ஏதோ வெளிநாடு என்று நினைத்தேன். அப்புறம்தான் மலைக்குக் கீழே வரிசையாக எட்டு சிவப்புத் தகரக் கூரை கண்ணில் பட்டது. நம் தோட்டத்து எட்டு வீட்டு லயம். நான் லோரி ஓட்டிய வளைவு ரோடு, செம்பனை மரங்கள் நிற்கும் ஏற்றம் எல்லாம் இருக்கிறது. கடைசி வீட்டுக்குப் பின்னால் துணிக்கொடிப் பக்கம் அரிசி அளவுக்கு ஒரு மஞ்சள் பொட்டு. மற்றவர்களுக்குச் சாயம் சிந்தியது போலத்தான் தெரியும். எனக்குத் தெரிந்துவிட்டது, அது அம்மா. அவளுடைய மஞ்சள் கைலி.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. யார் யாரோ குளித்துவிட்டு உடம்பு துடைக்கவும் மேலே படுத்துப் புரளவுமா என் புஷ்பவள்ளியை வரைந்து கொடுத்தாள் என்று. மடித்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. யோசித்துப் பார்த்தால் கோபம் உன்மேல் இல்லை. பள்ளிக்கூடத்தில் நீ படிவம் மூன்று படிக்கும்போது கணக்கில் மார்க் குறைந்து வந்தபோது உன் கலர் பெட்டியைப் பிடுங்கி நான் கால்வாயில் வீசினேன். மழைத் தண்ணீர் கொஞ்ச தூரம் நீலமாகவே ஓடியது. நீ அழவில்லை, அதைப் பார்த்துக்கொண்டே நின்றாய். அம்மா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் செய்தது தப்பு. இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்குப் பதினேழு வருஷம் ஆகியிருக்கிறது. அப்பாவை மன்னித்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் துவாலையை ஒரு பையில் வைத்துக்கொண்டு கோலா கிளாவாங்கில் பஸ் ஏறி, சிரம்பானில் மாறி, போர்ட்டிக்சனுக்குப் போனேன். எதற்கு என்று கேட்காதே. கல்யாணமான புதிதிலிருந்து அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள், ஒரு தடவை கடலைக் காட்டுங்களேன் என்று. நான் லோரிக்கு லீவு இல்லை என்று சொல்லிச் சொல்லியே அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். கடற்கரையில் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள், தனியாக வந்தவன் நான் ஒருவன்தான். துவாலையை விரித்தேன், அதன்மேல் உட்கார மனசு வரவில்லை, பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். வாழைப்பழம் பொரித்து விற்கும் ஒரு மலாய்க்கார அம்மா வந்து நின்று பார்த்தாள், ரொம்ப அழகா இருக்கே, எங்க வாங்குனீங்க என்று மலாயில் கேட்டாள். அனாக் சாயா, என் பிள்ளை வரைந்தது என்றேன். லோகேஸ், உன்னை வரைகிறவள் என்று ஒரு ஆளிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் விரலை வைத்து வீடு வீடாகக் காட்டினேன். இது முனியாண்டி வீடு, தைப்பூசம் முடிந்ததும் மகளோடு இருக்க மந்தினுக்குப் போய்விட்டான். இது திலகா வீடு, காலி. இதுவும் காலி, இதுவும் காலி. அப்போ யாருதான் இருக்காங்க என்று கேட்டாள். நான் மட்டும்தான் என்றேன்.

உனக்கு நான் சொல்லாமல் வைத்திருந்தது இதுதான். முனியாண்டி போனதிலிருந்து எட்டு வீட்டில் நான் ஒருவன். முனியாண்டி சித்தப்பா எப்படி இருக்கிறார் என்று நீ கேட்கும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பது போலவே பதில் சொல்லிவிட்டேன். இந்த வருஷம் முடிந்ததும் லயத்தை இடிக்கப் போகிறார்களாம், ஆபீசில் கடிதம் கொடுத்துவிட்டார்கள். சத்தியசீலன் மாமா பாரோயில் தன் வீட்டில் ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறார், போக இடமில்லை என்று நீ பயப்பட வேண்டாம். ஆனால் சில நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் வாயே திறப்பதில்லை.

பேச்சு மும்முரத்தில் தண்ணீர் ஏறி வந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. ஒரு அலை வந்து துவாலையில் பாதியை மூடிவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது, சாயம் எல்லாம் கரைந்து ஓடுகிறது என்று பாய்ந்து இழுத்தேன், அப்படியே குப்புற விழுந்தேன். அந்த அம்மாவும் கடையிலிருந்து ஓடிவந்த அவள் வீட்டுக்காரரும் தூக்கினார்கள். இது அச்சுப் போட்டதுங்க, போகாது, போகாது என்று அவள் பிழிந்து பிழிந்து காட்டினாள். தண்ணீர் தெளிவாகத்தான் வடிந்தது. அறுபத்தாறு வயதுக் கிழவன் அத்தனை ஜனத்துக்கு முன்னால் நின்று அழுதேன். முட்டி சிராய்ப்புதான், மருந்து போட்டுவிட்டேன், ஆறிவிட்டது. அவள் வீட்டுக்காரர் என்னை வேனில் பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விட்டார். ஏறும்போது அந்த அம்மா, உங்க பொண்ணு எப்ப வரும் என்று கேட்டாள். அவளுக்கு அங்கே வேலை அதிகம், லீவு கிடைக்காது என்றேன். நீங்க கேட்டுப் பார்த்தீங்களா என்றாள். இல்லை என்றேன். ஏன் கேட்கல என்றாள். சிரம்பான் வரைக்கும் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

அதனால் இப்போது கேட்கிறேன். வந்து ஒரு வாரம் என்னோடு இரும்மா. வீட்டை இடிப்பதற்கு முன்னால் வா. என்னால் தனியாக இந்த வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே வர முடியும் என்று தோன்றவில்லை.

உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல் நீ நிறைந்து வாழ வேண்டும். எந்தத் தேதி என்று முதலில் என்னிடம் சொல். மாமா கார் அனுப்புகிறேன் என்பார், வேண்டாம் என்று சொல்லிவிடு. விமான நிலையத்தில் நீ வெளியே வருகிற வாசலில் நானே வந்து நிற்கிறேன்.

உன் வருகைக்குக் காத்திருக்கும்
அப்பா
தங்கராஜு