எந்திரிச்சிருச்சா, தாயி?

அன்புள்ள மதினி,

மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இப்போதுதான் ஒரு கிழங்கைப் பிடுங்கி மடியில் வைத்திருக்கிறேன். கரிசல் மண் இன்னும் ஈரமாக ஒட்டியிருக்கிறது. அந்த மண் வாசனைக்கு அடியில் லேசாக ஒரு இனிப்பு வாடை வருகிறதே, அது மூக்கில் ஏறியதும் நீங்கள் பக்கத்தில் வந்து நிற்பதுபோல் இருந்தது. திரும்பியும் பார்த்துவிட்டேன். கிழங்கை வெட்ட வேண்டும். உள்ளே கறுத்திருக்குமோ என்ற பயத்தில் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வெள்ளைப் பீட்ரூட்டைத் திருமங்கலத்துச் சந்தையில் முதன்முதலாக இறக்கியபோது முள்ளங்கி என்ன விலை என்று கேட்டார்கள். நீங்கள் கோபப்படாமல், "சர்க்கரை எடுக்குறதுப்பா, நாக்குல வச்சுப் பாரு" என்று ஆளுக்கொரு துண்டு நறுக்கிக் கொடுத்தீர்கள். நறுக்கிக் கொடுத்ததில் பாதிச் சாக்கு காலி. கண்மாய் பெருகாத வருடங்களில் கரும்பு நம்மைப் பிழிந்தெடுத்த பிறகு, குறைந்த தண்ணீரில் ஐந்தாறு மாதத்தில் வந்துவிடும் என்று சொல்லித்தான் சர்க்கரை ஆலை வைக்கப் போகிறவர்கள் இந்த விதையைக் கொடுத்தார்கள். வரும் என்ற ஆலை வரவில்லை. மாட்டுப் பண்ணைக்காரர்கள் வந்தார்கள். கறவை மாட்டுக்கு நல்லது என்று கிழங்கும் தழையுமாக வாங்கிப் போனார்கள். "மாடாவது ருசி தெரிஞ்சு திங்குதே" என்றீர்கள். அண்ணன் உங்கள் பீட்ரூட் பொரியலைத் தட்டோரம் ஒதுக்கிய நாள் அது.

முதல் வருடம் நாம் பண்ணியதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அழுகைதான் வந்தது. மத்தியான வெயிலில் வயல் முழுக்க இலைகள் தொய்ந்து தரையில் படுத்துவிட்டன. கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிய கை சும்மா இருக்குமா? நீங்கள் ஒரு வால்வைத் திறக்க, நான் இன்னொன்றைத் திறக்க, தினமும் மத்தியானம் சொட்டுநீர்க் குழாய்கள் ஓடிக்கொண்டே இருந்தன. தோண்டிப் பார்த்தால் பாதிக் கிழங்கு கறுத்து, தொட்டால் கொழகொழவென்று வந்தது. செடிக்குத் தாகமே இல்லை. உச்சி வெயிலில் இந்தச் செடி அப்படித்தான் படுக்கும். வெயில் தாழ்ந்ததும் தானே நிமிர்ந்துகொள்ளும். சாயங்காலம் வரை நின்று பார்க்கிற பொறுமை நம் இருவருக்குமே இல்லாமல் போனது.

அந்த வருடம்தான் வரப்பில் நின்று ஒரு சத்தியம் செய்துகொண்டோம். இனிமேல் ஒருத்தி மட்டும் தண்ணீரைத் திறக்கக் கூடாது. வயலில் யார் இருந்தாலும் வெயில் தாழ்ந்ததும் நின்று பார்க்க வேண்டும், மற்றவளிடம் சொல்ல வேண்டும், இரண்டு பேரும் சரி என்றால்தான் வால்வு. நான் விளாங்குடியில் என் வீட்டிலிருந்து பள்ளிக்கூட ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்த நாட்களில் சாயங்காலம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே போனில் கேட்பேன். "எந்திரிச்சிருச்சு, நீ பாத்து எறங்கு" என்பீர்கள். நான் ஓய்வு பெற்று, உங்களுக்கு முட்டிவலி வந்த பிறகு முறை மாறியது. வரப்பில் நான் நிற்பேன். வீட்டிலிருந்து உங்கள் போன் வரும். "எந்திரிச்சிருச்சா, தாயி?" அதற்குப் பிறகுதான் மற்றக் கதையெல்லாம்: அண்ணன் இரும்புக் கடையில் என்ன சண்டை, உங்கள் மகன் ஏன் கூப்பிடவில்லை, நான் ராத்திரிக்கு என்ன சாப்பிடப் போகிறேன். தனியாக இருக்கிறவளிடம் ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்க உலகத்தில் ஒரு ஆள் வேண்டும், மதினி. நீங்கள் இருந்தவரைக்கும் எனக்கு அது தெரியவில்லை.

ஐப்பசி மழையில் நெஞ்சுவலி என்று உங்களைக் கொண்டுபோனார்கள். திரும்பிக் கொண்டுவந்ததும் மழையில்தான். காரியமெல்லாம் முடிந்து எல்லோரும் போன பிறகு, நீங்கள் வாங்கி வைத்திருந்த விதையை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் பார்த்தேன். விதைக்கப் போகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். "இந்த ஒருவாட்டி போடு. சரியா வரலைன்னா என் பங்கைப் பிளாட்டுக்குக் குடுத்துருவேன். அந்த வயலப் பாக்க எனக்கு முடியல" என்றார். போர்க் கிணறு இருப்பது அவர் பங்கில். அது போனால் என் பங்கும் காய்ந்த தரைதான். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு வயலைப் பார்த்தால் நீங்கள் இல்லாதது தெரிகிறது. எனக்கு வயலை விட்டால் நீங்கள் இருந்ததே இல்லாமல் போய்விடும்.

விதைத்தேன். கார்த்திகையில் கொட்டித் தீர்த்த மழை அதன் பிறகு எட்டிப் பார்க்கவில்லை. மாசியிலேயே பங்குனி வெயில். போன வாரம் நம் கணக்கே தப்பிப்போனது. வெயில் தாழ்ந்தது, பொழுது சாய்ந்தது, இலைகள் நிமிரவில்லை. இப்போதெல்லாம் இருட்டிய பிறகும் தரை அனல் கக்குகிறது. செடி எப்போது மூச்சு விடும்? தாகமா, சூடா என்று எனக்குப் புரியவில்லை. போரில் தண்ணீரும் வாரத்துக்கு ஒரு பாய்ச்சலுக்குத்தான் தேறும். முந்திக்கொண்டால் அழுகும், பிந்தினால் முள்ளங்கி அளவிலேயே நின்றுவிடும். அண்ணனைக் கூப்பிட்டேன். "வாடுனா தண்ணி விடு. எனக்கு என்னம்மா தெரியும்" என்றார். பாவம், அவருக்குத் தெரிந்தது ஆணியும் தாழ்ப்பாளும்தான்.

சாயங்காலக் கணக்கு செல்லாது என்றால் விடியற்காலைக் கணக்குப் பார்ப்போம் என்று அன்று ராத்திரி உங்கள் வீட்டிலேயே படுத்துவிட்டேன். சூரியன் வருவதற்கு முன் வயலுக்கு வந்தேன். அப்போதும் இலைகள் படுத்தேதான் கிடந்தன. மண்ணைக் கிளறினேன், உள்ளங்கையில் பொடியாக உதிர்ந்தது. தாகம்தான். வால்வில் கை வைத்துவிட்டேன், ஆனால் திருக முடியவில்லை. ஒருத்தி மட்டும் திறக்கக் கூடாதே. சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. வாய்விட்டே சொன்னேன்: "எந்திரிக்கல மதினி. தொறக்கட்டுமா?" நீங்கள் யோசிக்க எடுத்துக்கொள்ளும் நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். முதலில் ஒரு இருமல், பிறகு யாரையோ அதட்டுவீர்கள், அப்புறம்தான் பதில். அவ்வளவு நேரமும் நின்றேன். பிறகு திருகினேன். குழாய்கள் விம்மிச் சொட்டத் தொடங்கியபோது வால்வைப் பிடித்துக்கொண்டே அழுதேன். நீங்கள் போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

சரி, வெட்டுகிறேன்.

வெள்ளை, மதினி. அடிவரைக்கும் வெள்ளை. ஒரு துண்டை நாக்கில் வைத்தேன், இனிக்கிறது. ஒரு கிழங்கை வைத்து மொத்த வயலையும் சொல்ல முடியாது. அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அண்ணன் என்ன முடிவெடுப்பாரோ தெரியாது. மீதித் துண்டை அவருக்கு எடுத்துப் போகிறேன், தட்டோரம் ஒதுக்கினாலும் பரவாயில்லை.

வெயில் தாழ்ந்துவிட்டது. போனைப் படியில் வைத்திருக்கிறேன், அது சும்மா கிடக்கிறது. வயலைப் பார்க்கிறேன். ஓரத்துச் செடிகள் ஒன்றிரண்டு தலையைத் தூக்குகின்றன, நடுவயல் இன்னும் படுத்திருக்கிறது. இன்றைக்குத் திறக்க மாட்டேன். விடிந்ததும் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன், மதினி.

ராத்திரிக்கு ரசம் வைக்கப் போகிறேன்.