காதில் எடுக்காத இரத்தம்

மே 14
ஷேஹ்மூஸ் மாமா எட்டு ஆடுகளை எங்கள் கால்நடை ஆய்வகத்துக்கே ஓட்டி வந்துவிட்டார். காய்ச்சல், தீனி எடுக்கவில்லை. மூன்று நாளில் மலை மேய்ச்சலுக்கு ஏற வேண்டும். நோயில்லை என்று சீட்டு இருந்தால்தான் மற்ற குடும்பத்தார் சேர்த்துக்கொள்வார்கள்.

ஊசியோடு காதருகே போனேன். தடுத்துவிட்டார். "காதுல கை வைக்காத நஸோ. மலைமேல நாற்பது வீட்டு ஆடு ஒண்ணா கலக்கும். எங்க ஆடுன்னு காட்டுற வெட்டுக்குறி பக்கத்துல புதுக் காயம் இருந்தா திருட்டு ஆடும்பானுங்க."

கழுத்தில் இரத்தம் எடுத்து, கண்ணாடித் தகடுகளில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தேன். எட்டுத் தகட்டிலும் ஒன்றும் தென்படவில்லை. சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

மே 15
உண்ணி பரப்பும் கிருமி காது நுனி இரத்தத்தில்தான் நன்றாகச் சிக்கும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பது. பிறகு ஏன் விட்டேன்? மாமா என்பதாலா?

மே 17
ஏறிவிட்டார்கள். இரண்டு முறை போனை எடுத்து, இரண்டு முறையும் வைத்துவிட்டேன். என்னவென்று சொல்வது?

மே 23
மாமா மகன் வெலாத் போன் செய்தான். "அக்கா, ஆடு மூத்திரம் ரத்தமாப் போவுது. ரெண்டு செத்துப்போச்சு. அப்பா ராத்திரியோட ராத்திரியா புதைச்சிட்டார். உன்கிட்ட சொல்லக் கூடாதாம். மத்தவங்களுக்குத் தெரிஞ்சா மலையை விட்டே துரத்திடுவாங்களாம்."

பாவி. என்னைத்தான் சொல்கிறேன்.

மே 24
பால் வண்டியில் ஏறிப் போனேன். நுண்ணோக்கியை மடியிலேயே வைத்திருந்தேன். ஆடுகளின் கண் மஞ்சள் பூத்திருந்தது, வாலடியில் கொத்துக் கொத்தாய் உண்ணி. மாமா குறுக்கே வந்து நின்றார்.

"நீதானே இல்லன்னு எழுதிக் குடுத்த?"

"தப்பா எழுதிட்டேன் மாமா. தள்ளிக்குங்க."

காதில் குத்தினேன். நுண்ணோக்கியின் அடிக்கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை, சிவப்பணுக்களுக்குள் இரட்டை இரட்டையாய்க் கிருமி.

மற்ற கூடாரத்தார் கூடிவிட்டார்கள். மறைத்திருக்கலாம். மாமா கண்ணாலேயே கெஞ்சினார். ஆனால் அந்த உண்ணி அவர்கள் ஆட்டுக்கும் ஏறியிருக்குமே. சொல்லிவிட்டேன். சீட்டு என் தவறு, அவர்மேல் குற்றமில்லை என்றும் சொன்னேன். நோய் என்றது மட்டும்தான் அவர்கள் காதில் விழுந்தது.

மே 25
மாமாவின் மீதி ஆறுக்கும் ஊசி போட்டாயிற்று. மற்ற மந்தைகளுக்கு உண்ணி மருந்து தெளித்தோம். மாமாவை ஓடைக்கு அப்பால் தனியாகப் பட்டி போடச் சொல்லிவிட்டார்கள். அங்கே புல்லே கிடையாது. அத்தை எனக்கு மோர் கொடுத்தாள், முகம் பார்க்கவில்லை.

மே 27
என்மேல் நானே அறிக்கை எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தேன். "சொந்தக்காரங்கன்னா இப்படித்தான்," என்றார். வேலை போகுமா என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஜூன் 12
மறுபரிசோதனை. மலையிலிருந்து பலர் வந்திருந்தார்கள். மாமா வரிசையில் கடைசியாக நின்றார். என்னிடம் நேரே வருவார் என்று நினைத்திருந்தேன்.

ஆறும் பிழைத்துக்கொண்டன. தகடுகள் சுத்தம். ஓடைக்கு இப்பால் வர இந்தச் சீட்டு போதும். எழுதி நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ரொம்ப நன்றிங்க மேடம்," என்றார்.

என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர்.