கரவான் பற்றரி

2008 பெப்ரவரி 10, ஞாயிறு

பூசை முடிந்து நேரே மட்டக்குளிக்குப் போனேன். நான் நேர்ஸாக இருக்கிற பல் வைத்தியக் கரவான் அங்கே ஒரு களஞ்சிய வளவில் நிற்கிறது. வன்னிப் பிள்ளைகளுக்குப் பல் பார்க்கவென்று நோர்வேக்காரர் அனுப்பியது. சண்டையால் வன்னிப் பாதை பூட்டியதிலிருந்து ஓரடி நகரவில்லை. கதவைத் திறந்தால் உள்ளே போறணைச் சூடு. லித்தியம் பற்றரியில் சார்ஜ் அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது.

எங்கள் பல் டொக்டர் அலவிக்கு போன் எடுத்தேன். “வண்டி சும்மா நிக்கக்குள்ள பெட்டரியக் கழட்டி, பாதிச் சார்ஜில குளிர்ச்சியான இடத்தில வைக்கோணும். இல்லாட்டிச் செத்துப்போகும். புதுசு வாங்க நமக்கு வழியில்ல. உங்கட வீட்டுல வச்சிக்கங்க, பேர்ணடெற்.”

வீட்டில்! கொட்டாஞ்சேனையில், தமிழர் வீட்டில், வயர் தொங்கும் ஒரு பெட்டி. குண்டென்று பிடிக்க வேறென்ன வேண்டும்? சரி என்று சொல்லிவிட்டேனே.

பெப்ரவரி 13

பாதிச் சார்ஜ் ஏற்றி, த்ரீவீலில் கொண்டுவந்தேன். வழியில் ஒருவரும் மறிக்கவில்லை, மாதா காப்பாற்றினா. அலுமாரிக்குக் கீழே வைத்தேன். வேலையால் வந்ததும் ஸ்ரனிஸ்லாஸ் கண்டுவிட்டார். என் மனுசன் துறைமுகத்தில் கிளாக்கர். எதையும் பதிந்தால்தான் நித்திரை வரும். தங்கச்சி இரண்டு நாள் தங்க வந்தாலும் பொலிஸில் பதிந்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார்.

“இது ஆற்ற பேரில இருக்கு?”

“பற்றரிக்கும் பேரா? கரவான்ர சாமான்.”

“செக்கிங் வந்தா என்ன சொல்லுவீர்?”

“பல்லுப் புடுங்க எண்டு சொல்லுவன்.”

அவர் அலுமாரியைத் திறந்து ஒரு பெட்ஷீற்றை எடுத்து அதை மூடினார்.

மார்ச் 2

அடுத்த ஒழுங்கையில் ஆமிச் சுற்றிவளைப்பு. ரேடியோ திருத்துகிற றொபேட்டைக் கொண்டுபோய்விட்டார்கள். மேசை நிறைய வயராம். ஸ்ரனிஸ்லாஸ் சாப்பிடவில்லை. “தூக்கிக் கடல்ல போடும்” என்றார். பற்றரி செத்தால் கரவானும் செத்ததுதான். பாதை திறக்கிற அன்று கதிரை இருக்கும், மெசின் இருக்கும், கரண்ட் இருக்காது. மாட்டேன் என்றேன். எனக்கும் பயம்தான். வாயால் சொல்லவில்லை.

மார்ச் 6

ஸ்ரனிஸ்லாஸின் கோபம் ஆறவில்லை. தேத்தண்ணியைக்கூடத் தானே போட்டுக்கொள்கிறார்.

மார்ச் 8

கடவுளே. நான் சந்தைக்குப் போன நேரம், பற்றரியைப் பெட்ஷீற்றில் சுற்றிக்கொண்டு பொலிஸுக்குப் போயிருக்கிறார். பதிய! முன்வீட்டு பைறோஸா மறித்துக் கேட்டாவாம். “ஒளிச்சு வச்சாத்தானே பிழை. கொண்டுபோய்க் காட்டிப் பதிஞ்சா ஒண்டும் செய்யேலாது” என்றாராம்.

ஓடினேன். பொலிஸ் கேற்றுக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருக்கிற கிழவர்தான் சொன்னார். காவல் மண்மூட்டையடியில் ஸ்ரனிஸ்லாஸ் பெட்ஷீற்றை அவிழ்த்திருக்கிறார். வயரைக் கண்டதும் துவக்கை நீட்டி நிலத்தில் படுக்கவைத்து, பிறகு உள்ளே கொண்டுபோனார்களாம். சுடாமல் விட்டதே பெரிய காரியம். எப்பிடியப்பா உங்களுக்கு இந்தப் புத்தி வந்தது? நான் ஏன் மாட்டன் எண்டு நிண்டனான்?

மார்ச் 9

அலவி டொக்டர் பற்றரி கரவானுடையது என்று காட்டும் நோர்வேக் கடிதங்களோடு வந்து பொலிஸ் வாசலில் காலையிலிருந்து நின்றார். பார்க்க விடவில்லை.

ஏப்ரல் 20

ஸ்ரனிஸ்லாஸைத் தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்கு மாற்றிவிட்டார்களாம். பஸ் ஏறிப் போய்த் திரும்பினேன். கொண்டுபோன சாப்பாட்டை வாங்கினார்கள். அவருக்குக் கிடைத்ததோ தெரியாது.

செப்டெம்பர் 14

விட்டுவிட்டார்கள். வழக்கில்லை, குற்றமில்லை, கையெழுத்து வைத்துக் கூட்டிக்கொண்டு போ என்றார்கள். சேட்டுக்குள் ஆளையே காணவில்லை. பற்றரி மட்டும் தடயப் பொருளாம், பொலிஸிலேயே இருக்கும். அங்கே அதற்கு யார் சார்ஜ் பார்ப்பது? கேட்க வாயெடுத்தேன். டொக்டர் கண்ணைக் காட்டினார், அடங்கிவிட்டேன்.

2009 ஜூலை 11

சண்டை முடிந்தது. வவுனியா அகதி முகாம்களுக்குக் கரவானைக் கேட்டிருக்கிறார்கள். பற்றரியையும் திருப்பித் தந்தார்கள். செத்துக் கிடக்கிறது, ஒரு பொட்டு வெளிச்சமில்லை. நான் அழுதேன். டொக்டர் பின்னேரமே எங்கோ ஒரு ஜெனரேற்றர் பிடித்து வந்துவிட்டார். அவ்வளவு சுலபமாக! இதற்கா நான் பிடிவாதம் பிடித்தேன்?

ஜூலை 19

கரவான் காலையில் புறப்பட்டது. எனக்குப் பதில் வேறொரு நேர்ஸ் ஏறினா. “இன்னும் ஒருக்கா யோசிச்சுப் பாருங்க” என்றார் டொக்டர். ஸ்ரனிஸ்லாஸைத் தனியே விட்டுவிட்டு வவுனியாவுக்குப் போவதா, இதில் யோசிக்க என்ன இருக்கிறது.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். ஸ்ரனிஸ்லாஸ் எழுந்து நின்று அடையாள அட்டையை நீட்டினார்.

“நான்தானப்பா, பேர்ணடெற்.”

கை இறங்கவில்லை. அட்டையை வாங்கி, படத்தையும் முகத்தையும் பார்த்து, திருப்பிக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் போய் இருந்தார்.