வெள்ளைச் சர்க்கரையைப் பிளந்த கை

வோலோஸ்,
மார்ச், ஞாயிறு காலை

அன்பு மகன் ஸ்டெலியோஸுக்கு அப்பா எழுதுவது.

நானும் அம்மாவும் நலம். ரோட்டர்டாமில் குளிர் சற்றாவது விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே பீலியன் மலை உச்சியில் இன்னும் பனி இருக்கிறது.

மெரெட்டே உன் மனைவியாக இந்த வீட்டுக்கு வந்த புதிதில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். பாதாள அரசன் தூக்கிச் சென்ற பெர்செஃபனி வசந்தத்தில் தாயிடம் திரும்பி வருகிறாளே, அப்போது மண்ணுக்கு மேலே முதலில் தெரிந்தது எது, தலையா, கையா என்று. எத்தனையோ ஆண்டுகள் அந்தக் கதையை வகுப்பில் சொன்னவன் நான். ஒரு பிள்ளைகூட அப்படிக் கேட்டதில்லை. எனக்கும் பதில் தெரியவில்லை. நேற்றுதான் தெரிந்தது.

நீ போன பிறகு அவள் நம் கீழ்த்தளத்தில் கேக் கடை திறந்ததை அம்மா சொல்லியிருப்பாள். வியாபாரம் மந்தம்தான். பாகில் ஊறிய இனிப்பைத் தின்று வளர்ந்த ஊர். டென்மார்க்காரியின் கேக்கைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு நடையைக் கட்டிவிடுகிறார்கள். போன வாரம்தான் முதல் பெரிய ஆர்டர் வந்தது. மருந்துக்கடை போலிக்சேனியின் மகள் மிர்சினி வெளிநாட்டில் படிப்பை முடித்துத் திரும்புகிறாள், ஊரையே கூப்பிட்டு விருந்து. பெர்செஃபனி திரும்பி வருவதைக் கேக்கில் காட்ட வேண்டும், பார்க்கிறவர்கள் வாயடைத்துப் போக வேண்டும் என்றாள் போலிக்சேனி. மெரெட்டே எங்களிடம் எதையும் ஒளிக்கவில்லை. "இது சரியா வரலன்னா கடையை மூடிட்டு எங்க ஊர் ஆர்ஹுஸுக்கே போயிடறேன், மாமா" என்றாள். ஆர்ஹுஸ் போனால் திரும்பி வருவாளா என்று நாங்கள் கேட்கவில்லை.

நேற்று மதியம் நான் படகுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அம்மாவின் அலறல். தூரிகையோடு ஓடினேன்.

கேக் இரண்டு அடுக்கு. கீழே பாதாளம், கரிய சாக்லேட். மேலே குளிர்கால பூமி. முட்டை வெள்ளையும் சர்க்கரையும் அடித்துக் காயவைத்த கெட்டி ஓடு, அதன்மேல் சலித்த சர்க்கரைத் தூள், இஸ்திரி போட்ட துணிபோல ஒரு சுருக்கமில்லாமல். காய்ச்சிய சர்க்கரையில் கண்ணாடிபோலச் செய்த மாதுளை முத்துகள், பெர்செஃபனி பாதாளத்தில் தின்றவை. நடுவில் சின்னச் சின்ன வெள்ளி மணிகளால் மிர்சினியின் முதலெழுத்து. அம்மா அதன் முன்னால் நின்று சிலுவைக்குறி போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாருடி செத்தது?" என்றாள்.

மெரெட்டேவுக்குப் புரியவில்லை. "இது பனி, அத்தை. எங்க ஊர்ல பனி விழுந்தா எல்லாரும் குதிப்பாங்க."

"எங்க ஊர்ல இதைப் பார்த்தா எழுந்து நின்னு ஆத்மா சாந்திக்குப் பாடுவாங்க!"

உனக்கு இதற்குள் புரிந்திருக்கும். இறந்தவர்களுக்காகக் கோவிலில் வைக்கிறோமே, அவித்த கோதுமைத் தட்டு, அது அப்படியே இருந்தது. அதே வெள்ளைச் சர்க்கரை, அதே மாதுளை, அதே வெள்ளி மணியில் இறந்தவர் பெயரின் முதலெழுத்து. பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லப் போகிறவன் கையில் மலர்வளையத்தோடு போனால் எப்படி இருக்கும்? மெரெட்டே வந்த பிறகு நம் வீட்டில் சாவு விழவில்லை. அவள் அந்தத் தட்டை எங்கே பார்த்திருப்பாள்? நான்தான் விளக்கிச் சொன்னேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

மேலே முழுக்கச் சாக்லேட் ஊற்றிவிடலாம் என்றேன் நான். "தூக்கிப் போடு, நான் வால்நட் கேக் சுட்டுத் தரேன்" என்றாள் அம்மா. மெரெட்டே கையைக் கழுவிக்கொண்டு வெள்ளி மணிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். தோற்றுவிட்டாள் என்றே நினைத்தேன். திடீரென்று திரும்பி, "அத்தை, கையைக் குடுங்க" என்றாள்.

"என் கை எதுக்கு? காய்ச்சுப் போன கை. சின்னப் பொண்ணு கை வேணும்னா வேற ஆளைப் பாரு."

"அழகு வேணாம் அத்தை. மண்ணைப் பிளந்துக்கிட்டு வர்ற வலு வேணும்."

உன் அம்மா கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள், ஸ்டெலியோஸ்! அடுப்பில் சூப் இருக்கிறது, முட்டி வலிக்கிறது, மூக்கு அரிக்கிறது என்று புலம்பிக்கொண்டே நின்றாள். மெரெட்டே அவள் விரல்கள் மடங்குவதைப் பார்த்துப் பார்த்துப் பாதாம் மாவில் ஒரு கையை உருவாக்கினாள். நகக்கண்ணில் சாக்லேட் தூளைத் திணித்தாள், மண்ணாக. பிறகு பூரிக்கட்டையின் முனையால் அந்த வெள்ளை ஓட்டில் ஓங்கி ஒரு குத்து. ஓடு பனிக்கட்டிபோலப் பிளந்தது. விரிசலெங்கும் பொடித்த பிஸ்தாவைப் புல்லாக நிரப்பி, பாதாம் மாவில் சிவப்புக் காட்டுப்பூக்களை நட்டு, நடுவில் அந்தக் கையை நிறுத்தினாள். ஒரு தவறை மறைக்காமலே அதை வெல்ல முடியும் என்று நான் நேற்றுவரை யாரிடமும் கண்டதில்லை.

நேற்று மாலை விருந்தில் போலிக்சேனி குனிந்து கேக்கை உற்றுப் பார்த்தாள். ஓரங்களில் சர்க்கரையும் மாதுளையும் அப்படியேதான் இருந்தன. கண்டுபிடித்துவிட்டாள் என்று பயந்தேன். கண்டுபிடிக்கத்தான் செய்தாள். "சாவையே பிளந்துக்கிட்டு வந்துட்டா" என்று மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். கத்தி வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் மிர்சினியே கட்டைவிரலை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டாள். "ஐயோ, என் விரல்!" என்று அம்மா கத்த, கூடமே சிரித்தது.

வரும் வழியில் மெரெட்டே சொன்னாள், "கடை இருக்கட்டும் மாமா. நான் இங்க இருப்பேனான்னுதான் தெரியல."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விருந்தில் அவள் கேக்கைப் படம் எடுத்தாள். ஃபோனில் உன் பெயரைத் திறந்தாள். சற்று நேரம் பார்த்துவிட்டு, அனுப்பாமலே பைக்குள் போட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

உங்கள் இருவருக்குள் என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் பிரார்த்தனை. அவளும் அதே அளவுக்கு நல்லபடியாக இருக்க வேண்டும்.

இன்று மாலை அவளுக்கு ஃபோன் செய். கேக்கை எப்படிச் செய்தாய் என்று மட்டும் கேள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதே.

என்றும் உன் அப்பா,
ஸ்டமாட்டிஸ்