கை விரிக்கும் நாள்

லாபிஸ்

அன்பு மகள் ஷர்மினிக்கு,

லீட்ஸ் குளிரில் உனக்கு உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று முருகனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். நான் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. ஊர்ப் பெயரைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பாய். பத்து நாளாகப் பிரேமலா சித்தி வீட்டில் இருக்கிறேன், அப்பா சிகாமட்டில் நம் வீட்டில் தனியாக.

நீ எழுதி அனுப்பிய கதைப் புத்தகத்தை வந்த அன்றே தெரு முழுக்கக் காட்டினேன். என் இங்கிலீஷ் ஃபேக்டரி இங்கிலீஷ்தானே, அதனால் பக்கத்து வீட்டு ஞானேஸ்வரி டீச்சரைப் படித்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். அதில் வரும் தோமி கிரகத்துப் பண்டிகைகளைக் கேட்கக் கேட்கச் சிரிப்பு தாங்கவில்லை. பிள்ளையின் பிறந்தநாளுக்குப் பெற்றவளுக்குப் புதுத்துணி, புதுச் செருப்பை முதல் நாள் கையில் போட்டுக்கொண்டு ஊர்வலம், எல்லாம் தம்பி கவினை வெள்ளம் கொண்டுபோன அந்த வாரம் நிவாரண மையத்தில் பாயில் படுத்துக்கொண்டு நீயும் அப்பாவும் கற்பனை செய்தவை. பிறகு கை விரிக்கும் நாள் வந்தது. அன்று தோமிக்காரர்கள் விரலை மடக்க மாட்டார்கள், எதையும் பிடிக்க மாட்டார்கள், மற்றவர்கள்தான் ஊட்டிவிட வேண்டும். இது எனக்குத் தெரியும் டீச்சர் என்றேன். கவின் போன தேதியில் வருஷா வருஷம் நீங்கள் இருவரும் கையை விரித்துக்கொண்டு மேசையில் உட்காருவீர்கள். என்னைச் சிரிக்க வைக்கத்தான் இந்த விளையாட்டு என்று நினைத்து இருவருக்கும் ஊட்டிவிட்டேன். கடைசிப் பக்கத்தில் நீ எழுதியிருந்த குறிப்பைப் பார்த்ததும் டீச்சர், "வேண்டாம் அக்கா, இதோட நிப்பாட்டுவம்" என்றார். நான்தான் விடவில்லை.

உன்னைத் தோளில் வைத்து, ஐந்து வயதுத் தம்பியைக் கையில் பிடித்து வெள்ளத்தில் நடந்த அப்பா, நழுவிய பையைப் பிடிக்கத் தம்பியின் கையை விட்டாராம். அதற்காக இருவரும் உண்டாக்கியதுதான் அந்த நாளாம். அன்று நான் ஜோகூர் பாருவில் வேலைக்குப் போய், திரும்பி வரப் பாதையில்லாமல் மாட்டிக்கொண்டிருந்தேன். தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விட்டது என்றுதான் எனக்குச் சொன்னார். பதினெட்டு வருஷமாக அதைத்தான் நம்பினேன். இப்போது அப்பாவிடம் நேராகவே கேட்டேன். "ஆமா தனம், விட்டுட்டேன். பிள்ளைகிட்டயும் சொல்லாதன்னு சொன்னேன். ஒன் மொகத்தப் பாத்து சொல்ல முடியல" என்றார். மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

பத்து வயதுப் பிள்ளையின் வாயை அடைத்தது அவர் தப்பு, அதற்கு உன்மேல் கோபமில்லை. ஆனால் நீ வளர்ந்தாய், படித்தாய், வாரா வாரம் வீடியோ காலில் இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டாய். முகம் தெரியாத ஆயிரம் பேருக்குச் சொல்ல முடிந்த உனக்கு என்னிடம் சொல்ல முடியவில்லையா? பக்கத்து வீட்டு டீச்சர் வாயால் கேட்க வைத்துவிட்டாயே. கையை விட்டவருக்கும் அதைப் பார்த்தவளுக்கும் அந்தக் கிரகத்தில் ஒரு நாள் வைத்தாய், கூட இல்லாமல் போனவளுக்கு என்ன வைத்தாய்?

மெசேஜில் மன்னிப்புக் கேட்காதே. லீவு போட்டு வா. என் முன்னால் உட்கார்ந்து, அவன் அழுதானா, என்னைக் கூப்பிட்டானா, சொல். உனக்குத்தானே தெரியும்.

எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றமில்லை. வேளைக்குச் சாப்பிடு. அப்பா சர்க்கரை மாத்திரை போடுகிறாரா என்று ஃபோன் செய்து கேள். நான் கேட்கச் சொன்னதாகச் சொல்லாதே.

உன் அம்மா,
தனலெட்சுமி